வேலைக்குப் போகிறவர்கள் தினமும் புத்தகம் படிக்க என்ன வழி?

காஜாங் பயணி

வணக்கம். வயது 43. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) வரை தமிழ் ஒரு பாடம். அதற்குப் பிறகு தமிழில் படிப்பது புலனத்தில் (வாட்ஸ்அப்) வருவதை மட்டும்தான். தமிழ்ப் புத்தகங்களைத் தினமும் படிக்கும் பழக்கம் வர வேண்டும்.

நிலைமை இது: வீடு காஜாங், வேலை கோலாலம்பூர் பாசார் செனி பக்கம், போக வர எம்ஆர்டி ரயில். இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் வீட்டில் அமைதி. படுக்கையில் புத்தகத்தைத் திறந்தால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் ஆகிறது. சில வரிகளைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. கடையில் ஆசையாக வாங்கிய ஐந்து பாக வரலாற்று நாவல், முதல் பாகத்தின் பாதியில் நிற்கிறது.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, சரியா? தினமும் எவ்வளவு நேரம்? எதில் ஆரம்பிப்பது? காகிதமா, போனா? "மனமிருந்தால் மார்க்கமுண்டு" வகைப் பதில் வேண்டாம், செய்து பார்க்கிற மாதிரி சொல்லுங்கள்.

---

செந்தூல்காரன்

முதலில் அந்த 21 நாள் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960-இல் எழுதியது அது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். வாய் மாறி வாய் வந்ததில் "குறைந்தது" உதிர்ந்துபோய், முகமும் காணாமல் போய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று நின்றுவிட்டது.

உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர். 2010-இல் அச்சில் வந்த அந்த ஆய்வில் 96 பேர், 84 நாள், ஆளுக்கொரு புதுச் செயல். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர நடுமதிப்பு 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை என்று கணக்கிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, ஓடுவது போன்றவை. வாசிப்பைச் சோதிக்கவில்லை. ஆனாலும் உங்களுக்கு வேண்டிய செய்தி அதில் இருக்கிறது: நடுவில் ஒரு நாள் தவறினால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. நம் ஆட்கள் ஒரு நாள் தவறியதும் "சரி, அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து" என்பார்கள். பழக்கம் சாவது அங்கேதான்.

இனி உங்கள் விஷயம். மணியைக் குறிக்காதீர்கள். "இரவு 9.30" என்று வைத்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்றே போயிற்று. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு செயலோடு கட்டிவிடுங்கள். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. காஜாங் ரயில் புறப்படும் நிலையம், காலையில் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்து பை மடிக்கு வந்ததும் புத்தகம் வெளியே வர வேண்டும். கைப்பேசிக்கு அதற்கு அப்புறம்தான் முறை. இந்த வரிசை முக்கியம். முதலில் போனை எடுத்தால் "ரெண்டு நிமிடம் மட்டும்" என்பது மாலூரி நிலையம் வரை இழுத்துவிடும். புத்தகம் பையின் முன் அறையில், போன் அடியில்.

எவ்வளவு நேரம்? காஜாங்கில் திறங்கள், தாமான் கானாட் நிலையம் வந்ததும் மூடுங்கள். சுமார் இருபது நிமிடம். முதல் இரண்டு வாரம் அதற்கு மேல் படிக்காதீர்கள், கதை இழுத்தாலும். முதல் வார உற்சாகத்தில் ஐம்பது நிமிடம் படித்தால் அதுவே உங்கள் அளவுகோலாகிவிடும். பிறகு இருபது நிமிடம் படித்த நாள் தோற்ற நாளாகத் தெரியும். அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்த வேண்டாம். பத்தியின் நடுவில் நிறுத்துங்கள், மறுநாள் உள்ளே நுழைவது சுலபம். மறுநாள் முந்திய அரைப் பக்கத்தை ஓட்டிவிட்டுத் தொடருங்கள்.

கணக்குப் போட்டால்: பக்கத்துக்கு 4 நிமிடம் என்றால் நாளுக்கு 5 பக்கம், ஐந்து வேலை நாளில் 25. 160 பக்கப் புத்தகம் ஆறரை வாரம். வேகம் 2 நிமிடத்துக்கு வந்தால் அதே புத்தகம் மூன்று வாரத்துக்குச் சற்றே கூடுதல். அதனால் உங்களுக்கு நேரத்தை விட வேகம்தான் முதல் பிரச்சினை. அதை டீச்சர் யாராவது சொல்லட்டும்.

மாலை ரயிலை நம்பாதீர்கள். பாசார் செனியில் ஏறினால் நின்றுகொண்டுதான் வர வேண்டும். கூட்டம் குறைந்து இடம் கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. சனி, ஞாயிறும் அப்படியே. ரயில் இல்லாத நாளுக்கு வேறு கொக்கி வேண்டும். முதல் இரண்டு மாதம் அதற்கு முயலவே வேண்டாம் என்பேன், வாரம் ஐந்து நாள் போதும். ஆபத்து வருவது தீபாவளி, சீனப் பெருநாள், பள்ளி விடுமுறை என்று ஒரு வாரம் முழுக்கப் போகும்போது. ஊருக்குப் போகும் முன்பே, திரும்பி வேலைக்குப் போகும் முதல் நாள் காலைக்கான புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டுப் போங்கள்.

படுக்கை வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுக்க உழைத்த உடம்பு சாய்ந்ததும் தூங்குவது அதன் வேலை. இரவில்தான் படிப்பேன் என்றால் நாற்காலியில், கால் தரையில் பட உட்கார்ந்து படியுங்கள். படுக்கையில் ஏற்கெனவே படித்த கதையையோ பயணக் கட்டுரையையோ படிக்கலாம். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

---

செராஸ் சிவா

நான் சொல்வேன், வருடத்துக்கு 50 புத்தகம் என்று இலக்கு வையுங்கள். இலக்கு இல்லாமல் எதுவும் நடக்காது லா.

---

செந்தூல்காரன்

@செராஸ் சிவா, பக்கத்துக்கு நாலு நிமிடம் எடுக்கிறவருக்கு 50 வைத்தால் என்ன நடக்கும்? ஆகஸ்ட்டில் பின்தங்கி, 60 பக்கக் கவிதைத் தொகுப்பாகத் தேடி வாங்கிக் கணக்கை நிரப்புவார். கவிதை வேகமாகப் படிக்கிற பொருளும் அல்ல. ஏற்கெனவே படிக்கிறவருக்கு உங்கள் யோசனை பொருந்தும், இவருக்கு இப்போது வேண்டாம். எண்ண வேண்டுமென்றால் படித்த நாள்களை எண்ணட்டும். நாட்காட்டியில் ஒரு புள்ளி, போதும்.

---

ஆறாம் ஆண்டு டீச்சர்

வேகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இது உங்கள் ஒருவருடைய குறை இல்லை ஐயா. ஆறாம் ஆண்டோடு தமிழ்வழிக் கல்வி முடிந்து, இடைநிலைப்பள்ளியில் மற்ற பாடமெல்லாம் மலாயில் படித்தவர்களுக்குத் தமிழில் எழுத்துக் கூட்டத் தெரியும், பொருளும் தெரியும், நடுவில் உள்ள ஓட்டம்தான் நின்றுபோயிருக்கும். சோற்றுக்கு மோர் மாதிரி அதைத் தனியாக ஊற்ற வேண்டும்.

முதல் வேலை, அளப்பது. கடிகாரம் வைத்து 10 நிமிடம் படியுங்கள், எத்தனை பக்கம் என்று குறியுங்கள். வழக்கமான டெமி அளவுத் தமிழ்ப் புத்தகத்தில் பக்கத்துக்குச் சுமார் 30 வரி, வரிக்கு ஏழு சொல், ஆக ஏறக்குறைய 200 சொல். நீங்கள் நிமிடத்துக்கு 50 சொல்லில் இருக்கிறீர்கள். இணையத்தில் நிமிடத்துக்கு 240, 250 என்று வரும் எண்கள் ஆங்கிலத்துக்கானவை. தமிழில் வேற்றுமையும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒரு சொல்லின் சுமை அதிகம். அந்த எண்ணோடு உங்களை ஒப்பிடாதீர்கள். உங்கள் போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, திரும்ப வாசித்தல். எஸ். ஜே. சாமுவேல்ஸ் 1979-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதி வைத்த முறை, பெரியவர்களும் செய்யலாம். ஒரே ஒரு பக்கத்தை எடுங்கள். முதல் நாள் வாய்விட்டு, மெதுவாக. இரண்டாம் நாள் அதே பக்கம் வாய்விட்டு, தடுக்கிய இடங்களைப் பென்சிலால் குறித்து. மூன்றாம் நாள் அதே பக்கம், நிற்காமல். நாலாம் நாள் புதுப் பக்கம். வீட்டில் ஐந்து நிமிடம் போதும், ரயில் வாசிப்போடு இதைக் கலக்க வேண்டாம். ஏன் வாய்விட்டு? "வந்துகொண்டிருந்தாள்" என்பதைக் கண் துண்டு துண்டாகப் பார்க்கிறது. நீங்கள் வீட்டில் பேசுவது "வந்துக்கிட்டிருந்தா". காதில் விழுந்தால் மனசு உடனே அடையாளம் கண்டுகொள்ளும். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியைக் காதுதான் இணைக்கும். மூன்று, நாலு வாரத்தில் உதடு அசைவது தானாகக் குறையும், நீங்கள் அடக்க வேண்டாம்.

மூன்றாவது, தடுக்கும் இடம். பெரும்பாலும் கடினச் சொல்லில் தடுக்காது, நீளச் சொல்லில்தான் தடுக்கும். "சொல்லிக்கொடுத்திருந்தாலொழிய", "அவர்களிடமிருந்தாவது" மாதிரி. பென்சிலால் ஒரு கோடு கிழித்துப் பிரியுங்கள்: அவர்களிடம் / இருந்தாவது. இப்படி முப்பது நாற்பது சொல்லைப் பிரித்துவிட்டால் பிறகு கண்ணே பிரிக்கும். நூலகப் புத்தகத்தில் கோடு போடாதீர்கள், தாளில் எழுதிப் பிரியுங்கள்.

பழைய புத்தகம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்திய அச்சில் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை வைத்த வடிவத்தில் இருக்கும். ணா, றா, னா ஆகியவையும், அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும் கால் இல்லாமல் சுழித்து எழுதப்பட்டிருக்கும். மொத்தம் 13 எழுத்து. ஒரு அட்டையில் பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக எழுதி, அதையே பக்கக் குறியாக வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் பழகிவிடும். தெரியாமல் இறங்கினால் "கண்ணே தெரியவில்லை" என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

எதில் ஆரம்பிப்பது? ஐந்து பாக நாவலை மேலே எடுத்து வையுங்கள், அது ஓடிப்போகாது. வரலாற்று நாவலின் முதல் நூறு பக்கத்தில் ஊர்ப்பெயர், குலப்பெயர், பதவிப்பெயர் என்று வரிசையாக வரும். ஓட்டம் இல்லாதவருக்கு அது மலையேற்றம். மலேசியச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றில் தொடங்குங்கள். பால்மரம், கங்காணி, கிராணி, லயம் என்று தோட்டத்துச் சொற்கள் வந்தால் உங்களுக்கு அகராதி வேண்டாம். கதை எட்டு, பத்துப் பக்கத்தில் முடியும், உங்கள் ரயில் கணக்கில் இரண்டு நாள். உரையாடல் அதிகமுள்ளதாகப் பாருங்கள். தமிழ்நாட்டு வட்டார வழக்கில் எழுதியவையும் யாழ்ப்பாண வழக்கில் எழுதியவையும் அருமையானவை, ஆனால் அவை மூன்றாவது, நான்காவது புத்தகமாக வரட்டும். கரிசல் காட்டுப் பேச்சு நம் காதுக்குப் புதிது.

புத்தகத்தைச் சோதிக்க ஒரு கணக்கு. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்குங்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களை வைத்து ஹூ, நேஷன் இருவரும் 2000-இல் செய்த ஆய்வில், உதவியில்லாமல் கதையை வசதியாகப் புரிந்துகொள்ள 98 விழுக்காட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. 200 சொல் பக்கத்தில் அது நாலு சொல். தமிழுக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும் கைக்கு அடக்கமான அளவு. நாலு விரல் மடங்கினால் படிக்கலாம், ஏழு எட்டு என்றால் அலமாரிக்கே திருப்புங்கள். நாலு சொல்லையும் உடனே தேட வேண்டாம். ஒரே சொல் மூன்றாம் முறை வரும்போது மட்டும் தேடுங்கள்.

---

கண்ணாடிக் கடை

43 வயது, வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார், இரவில் மூன்று பக்கத்தில் தூக்கம். யாரும் கண்ணைக் கேட்கவில்லையே!

40-ஐ ஒட்டிக் கண் வில்லையின் நெகிழ்ச்சி குறைந்து கிட்டத்தில் உள்ளது மங்கும். வெள்ளெழுத்து. வீட்டில் சோதிக்கலாம்: புத்தகத்தை 40 சென்டிமீட்டரில் பிடியுங்கள், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. மங்கலாக இருந்து, கையை நீட்டினால் தெளிந்தால் அதுதான். தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. "அவள்" என்பது "அவள" என்று தெரிந்தால் மூளை வரியைத் திரும்பப் படிக்கச் சொல்லும். உங்கள் வேகக் குறைவில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம்.

தூரப்பார்வை சரியாக உள்ளவர்களுக்கு 40–45 வயதில் +1.00 முதல் +1.50, அறுபதை நெருங்கும்போது +2.00 முதல் +2.50 வரை தேவைப்படும். பார்மசியில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடி இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிதறல் பார்வையைத் திருத்தும் சிலிண்டர் பவர் கிடையாது. அவசரத்துக்குச் சரி. தலைவலி வந்தால் அளவெடுத்துச் செய்யுங்கள். கிட்டப்பார்வைக்காரர் −2.50 போட்டிருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பாருங்கள், அவருக்கு இயற்கையாகவே 40 சென்டிமீட்டரில் தெளிவு. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியான புரோகிரஸிவ் லென்ஸ்காரர்கள் படுத்துப் படிக்க முடியாது. படிக்கும் பகுதி லென்ஸின் அடியில் இருக்கிறது, புத்தகம் கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் வேலை செய்யும். படுக்கைக்குத் தனிக் கண்ணாடி வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க: சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் மாறும். சர்க்கரை சில வாரம் நிலையாக இருந்த பிறகு அளவெடுங்கள், இல்லாவிட்டால் புதுக் கண்ணாடி அடுத்த மாதமே ஒத்துவராது. விழித்திரைப் பரிசோதனையும் ஆண்டுக்கு ஒரு முறை.

வெளிச்சம். நம் வீடுகளில் நடுக்கூரையில் ஒரே விளக்கு, உட்காரும் இடம் சுவரோரம், தலையின் நிழல் பக்கத்தில் விழும். 9 வாட் எல்இடி, பெட்டியில் சுமார் 800 லூமென் என்று போட்டிருக்கும், அதை மேசை விளக்கில் போட்டு, தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின் மேல் விழும்படி அரை மீட்டர் தூரத்தில் வையுங்கள். காற்றாடிக்கும் ஏர்கோனுக்கும் நேர் கீழே உட்காராதீர்கள், படிக்கும்போது இமைப்பது குறையும், காற்றும் பட்டால் கண் உலர்ந்து எரியும். எரிச்சலைத்தான் பலர் தூக்கம் என்று நினைத்துப் புத்தகத்தை மூடுகிறார்கள்.

---

காஜாங் பயணி

எல்லாருக்கும் நன்றி. புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது, சனிக்கிழமை கண் பார்க்கப் போகிறேன். டீச்சர், அந்த முப்பது நாற்பது சொல் யோசனை நன்றாக இருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. மலேசியச் சிறுகதைத் தொகுப்புகள் கடையில் பெரும்பாலும் கிடைப்பதில்லை, எங்கே தேடுவது? ஒரு குழுவில் 300-க்கு மேல் பிடிஎஃப் வந்து கிடக்கிறது, அதைப் படிக்கும் கருவியில் போட்டுக்கொண்டால் ஆகாதா?

---

நூலகப் புழு

இரண்டாவது கேள்விக்கு முதலில். அந்த 300-ஐ அழித்துவிடுங்கள். உரிமை உள்ள நூல்களைத் திருட்டுத்தனமாகப் பரப்புவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முந்நூறில் எதைப் படிப்பது என்று புரட்டுவதிலேயே உங்கள் இருபது நிமிடமும் போய்விடும். கையில் படிப்பது ஒன்று, அடுத்தது ஒன்று. மூன்றாவது இருக்கக் கூடாது.

தொழில்நுட்பமும் ஒத்துவராது. அவை பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்தவை. ஆறு அங்குலத் திரையில் முழுப் பக்கமும் சுருங்கி எறும்பு எழுத்தாக நிற்கும், எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. கட்டாயம் அதைத்தான் படிக்க வேண்டுமென்றால் ஓர வெள்ளையை வெட்டி, கருவியைப் படுக்கைவசமாகத் திருப்பி, அரை அரைப் பக்கமாகப் படிக்கலாம். இருபது நிமிடத்துக்கு மேல் பொறுமை இருக்காது.

சட்டப்படி இலவசமாகக் கிடைப்பதே நிறைய. மதுரைத் திட்டம் 1998-இலிருந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. அதன் பழைய கோப்புகள் சில தஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் உள்ளவை, திறந்தால் கிறுக்கலாகத் தெரியும், ஒருங்குறி (யூனிகோட்) கோப்பைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் இக்கால எழுத்தாளர்கள் பொது உரிமத்தில் கொடுத்தவை, ஈபப் வடிவிலும் ஆறு அங்குல பிடிஎஃப் வடிவிலும் கிடைக்கும். ஈபப் எடுங்கள், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கிக்கொள்ளும். கிண்டில் வைத்திருந்தால் "சென்ட் டு கிண்டில்" ஈபப்பை ஏற்கும். ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம். ஏதாவது செயலியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தை விட்டுத் தள்ளி, புள்ளிவட்டத்தோடு தெரிந்தால் புத்தகத்தில் கோளாறில்லை, அந்தச் செயலிக்குத் தமிழ் கோக்கத் தெரியவில்லை. வேறு செயலியில் திறங்கள்.

ஆனாலும் உங்களுக்கு நான் காகிதத்தைத்தான் சொல்வேன். கண்ணாடிக் கடை சொன்ன வெள்ளெழுத்து முற்றினால் கருவி, அதுவரை காகிதம். போனில் படித்தால் பக்கத்திலேயே புலனம் உட்கார்ந்திருக்கிறது. போன்தான் என்றால் பறக்கும் நிலைக்கு மாற்றி, திரையைக் கறுப்பு வெள்ளை ஆக்குங்கள்.

இப்போது முதல் கேள்வி. ஜாலான் துன் ரசாக்கில் தெங்கோலோக் தலைப்பாகை வடிவில் நிற்கிறதே, தேசிய நூலகம், அங்கே போங்கள். 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களைப் பதிப்பாளர் அங்கே ஒப்படைக்க வேண்டும். மலேசியத் தமிழ் நூல்களும் இதில் அடக்கம். கடையில் தீர்ந்துபோன தொகுப்பு அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். தேசியத் தொகுப்பில் உள்ளதை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க முடியும் என்பதால், இரவல் எடுக்கும் பிரிவில் முதலில் கேளுங்கள். இணையப் பட்டியலில் தேடும்போது தமிழில் தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். தலைப்பை உரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாகத் தட்டுங்கள்: ழ-வுக்கு இசட்எச் ஒரு முறை, எல் ஒரு முறை. "இல்லை" என்று திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள்.

இரவல் நூலில் இன்னொரு வசதி, திருப்பிக் கொடுக்கும் தேதி. சொந்தப் புத்தகம் உங்களை எதுவும் கேட்காது. நூலகம் கேட்கும். ஒரே ஒரு நூல் எடுங்கள், நாலு எடுத்தால் நாலும் அப்படியே திரும்பும்.

வாங்குவதென்றால் மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் பக்கக் கடைகள், வருடா வருடம் நடக்கும் கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தக விழா, எழுத்தாளர் அமைப்புகளின் நூல் வெளியீடுகள். மலேசிய நூல்களில் பல, வெளியீட்டு நாளில் விற்பதோடு சரி, பிறகு எழுத்தாளரிடம் நேரே கேட்டு வாங்க வேண்டியதுதான். ரசீது கேட்டு வாங்குங்கள், கடைப் பெயரும் தேதியும் இருக்கட்டும். வருமான வரியில் 2,500 ரிங்கிட் வாழ்க்கைமுறைக் கழிவில் புத்தகமும் சேரும். அதே 2,500-க்குள்தான் கைப்பேசியும் இணையக் கட்டணமும் வருகின்றன என்பதை மறக்க வேண்டாம். ரசீதை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்.

புதுப் புத்தகத்தை வாங்கியதும் நடுவில் மடக்காதீர்கள், பசை விரிசல் விட்டு ஏடு ஏடாகக் கழலும். மேசையில் முதுகை ஊன்றி, முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாறி மாறி நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். ரயிலில் ஒரு கையால் பிடிக்கும்போது தெரியும் அருமை. காடியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வெயிலில் நிற்கும் வண்டியின் சூட்டில் அந்தப் பசை இளகிவிடும்.

---

பாயான் லெப்பாஸ்

பினாங்கிலிருந்து. நீங்கள் எல்லாம் எம்ஆர்டி கணக்குச் சொல்கிறீர்கள். எனக்குத் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தொழிற்சாலை பஸ், பாலத்தில் ஜாம். பஸ்ஸில் படித்தால் குமட்டுகிறது. எனக்கு எந்தக் கொக்கி?

---

பட்டர்வொர்த் படகு

பஸ்ஸில் படிக்காதீர்கள் தம்பி. உட்செவி வண்டி ஆடுவதைச் சொல்கிறது, கண் பக்கம் அசையவில்லை என்கிறது, இரண்டும் முட்டும்போதுதான் குமட்டல். எம்ஆர்டி சீராக ஓடுகிறது, பஸ் பிரேக் போட்டுப் போட்டுப் போகிறது. முன் இருக்கையில் உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும், ஆனால் இரவில் விளக்கை அணைத்துவிடுவார்கள். பஸ் நேரத்துக்கு ஒலிநூலோ சிறுகதை ஒலிப்பதிவோ கேளுங்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேட்பதால் கதை சேரும், கண்ணின் வேகம் கூடாது. டீச்சர் சொன்ன ஐந்து நிமிட வாசிப்பு உங்களுக்கும் வேண்டும். ஒரே கதையின் ஒலியும் அச்சும் கிடைத்தால் பஸ்ஸில் கேட்டதை வீட்டில் இரண்டு பக்கம் படியுங்கள், தெரிந்த கதை என்பதால் கண் தடுக்காமல் ஓடும்.

கொக்கிக்கு: ஷிப்ட் மாறினாலும் மாறாத செயல் எது என்று பாருங்கள். வேலைக்குப் புறப்படும் முன் குடிக்கிற கோப்பி. பகல் ஷிப்ட் என்றால் அது விடியற்காலை, இரவு ஷிப்ட் என்றால் சாயங்காலம், கோப்பி மட்டும் மாறாது. சூடு ஆறும் பத்து நிமிடம் உங்களுடையது. சட்டை மாட்டி, பையைக் கட்டி, கிளம்பத் தயாரான பிறகு கோப்பியை ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் அந்த நேரத்தை அவசரம் தின்றுவிடும். புத்தகம் கோப்பித் தூள் டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வேலை முடிந்து வந்த பிறகு படிக்கலாம் என்று வைக்காதீர்கள். 12 மணி நேரம் நின்ற உடம்பு கேட்காது. இரவு ஷிப்ட் முடிந்த காலையில் விளக்கைப் போட்டுப் படித்தால் பகல் தூக்கமும் கெடும். பகலிலிருந்து இரவுக்கு மாறும் முதல் இரண்டு நாள் படிக்கவே வேண்டாம், அதை முன்கூட்டியே நாட்காட்டியில் கோடு போட்டு விட்டுவிடுங்கள். தவறிய நாளாக எண்ண வேண்டாம், அது விடுமுறை. ஓய்வு நாளில் நேரம் இருந்தால் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள டிஜிட்டல் நூலகத்துக்கோ மாநிலப் பொது நூலகக் கிளைக்கோ போய் அடுத்த நூலைப் பார்த்து வையுங்கள். புத்தகம் முடிகிற அன்று அடுத்தது கையில் இல்லாமல் போனால், அந்தக் கோப்பிக்குப் போன் வந்து உட்கார்ந்துவிடும். கடைசி முப்பது பக்கம் இருக்கும்போதே அடுத்ததை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.